நூறு கிராம் பால்

எறும்பு கடித்தால் எரிவது ஏன் என்ற பாடத்தில்
பார்மிக் அமிலம் என்று கரும்பலகையில் எழுதினேன்.
முதல் பாடவேளை. பாதி வகுப்பு தூக்கம்.
அஜின் ஜோஸ் மட்டும் தலையைத் தூக்கி
"அது எங்க வீட்டுல ரெண்டு கேன் இருக்கு டீச்சர்" என்றான்.
சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராக விழித்தார்கள்.
எங்க வீட்டுலயும்.
எங்க வீட்டுலயும், சாய்ப்புக்குப் பின்னால.

நான் வந்தவாசிக்காரி.
மாறுதல் ஆணையில் கடையாலுமூடு என்று பார்த்ததும்
எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் தேடியவள்.
மூன்று வருடமாக இவர்கள் தூக்கத்தைப்
பெற்றோர் கூட்டத்தில் புகார் சொல்லியிருக்கிறேன்.
சட்டைகளில் அமில வாடை இருந்தது.
வேர்வை என்று நினைத்திருந்தேன்.

நாலு மணிக்கு நெற்றியில் விளக்கு கட்டி
அம்மை மரம் வெட்ட
சிரட்டை துடைத்து வைத்துக்கொண்டே பின்னால் போவாள் ஷைபிலா.
முந்நூறு மரம். அப்புறம் என் வகுப்பு.

அடுத்த வாரம் கணக்கு சார் விடுப்பு.
சதவீதம் என் தலையில் விழுந்தது.
"நூற்றுக்கு எவ்வளவு..." என்று தொடங்கினேன்.
"இருபத்தெட்டு" என்றாள் ஷைபிலா.
நான் கேள்வியை இன்னும் முடிக்கவில்லை.

கடைச்சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்தாள்.
மழைக்கும் இருபத்தெட்டு, வெயிலுக்கும் இருபத்தெட்டு.
நூறு கிலோ பாலில் அவ்வளவுதான் ரப்பர்,
மிச்சம் தண்ணீர்,
தண்ணீருக்குக் காசு கிடையாது.

ஆய்வகத் தராசைத் தூசி தட்டினோம்.
நூறு கிராம் பால்.
அமிலத்தை அளந்து ஊற்றுங்கள் என்றேன்,
அவர்கள் கண்ணாலேயே ஊற்றினார்கள்,
அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது.
உறைந்ததைக் கண்ணாடிக் குப்பியால் உருட்டித் தேய்த்து
மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.
அறுபத்தொன்று. நாற்பத்தேழு. முப்பத்தொன்பது.
"வெள்ளைப் புள்ளி போகணும் டீச்சர், அதுவரை கணக்கு எடுக்காதீங்க."
ஒன்பதாம் நாள் முப்பத்துநாலு.
பத்தாம் நாளும் முப்பத்துநாலு.

யாரும் கை தட்டவில்லை.
எல்லோரும் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார்கள்.
அதன் இறக்கையில் சிவப்பு எழுத்து:
அன்பளிப்பு, த. பாலையன்,
பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.
சீட்டின் தலைப்பிலும் அதே பெயர்.

தலைமையாசிரியர் அறைக்கு அழைத்தார்.
"இது பாடத்திட்டத்தில் எந்த இடத்தில் வருகிறது?"
பக்கம் நூற்றுப் பதினாறு என்றேன்.
அங்கே சர்க்கரைக் கரைசல் போட்டிருந்தது.
"அப்போ சர்க்கரையே செய்யுங்கள் டீச்சர்.
சர்க்கரைக்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை."

மறுநாள் பாலையன் வந்தார்,
ஸ்கூட்டரின் முன்னால் மானியும் ஒரு கேனும்.
சத்தம் போடவில்லை.
"ஒரு நாள் பாலு, ஒரு வீட்டுப் பாலு.
அத வச்சு எனக்க கடைக்கு மார்க் போடுவியளா?"
என்னிடம் பதில் இல்லை.
அவர் சொன்னது சரி.
அதே புத்தகத்தில், நான் இன்னும் நடத்தாத பாடத்தில்,
மாதிரி எடுப்பது பற்றி அதைத்தான் போட்டிருக்கிறது.

"அப்போ எல்லா வீட்டுப் பாலும் கொண்டு வரலாமா?"
அஜின் கேட்டது என்னிடமா அவரிடமா தெரியவில்லை.
அவர் விசிறியை அண்ணாந்து பார்த்தார்.
அணைக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.
ரெகுலேட்டரை மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
கேனை மேசைமேல் விட்டுவிட்டு.

இப்போது முப்பத்தொரு துண்டு தொங்குகிறது,
ஒன்று அவர் கேனிலிருந்து.
இன்று நாலாம் நாள்.
எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.
முதல் பாடவேளை. பென்சிலோடு கன்னத்தைச் சாய்த்து
ஷைபிலா தூங்குகிறாள்.
இருபத்துமூன்றாவது துண்டு அவளுடையது.
பன்னிரண்டாவதை அளந்துகொண்டிருக்கிறோம்,
மெதுவாக,
தட்டு சத்தம் போடாமல்.