பெரட்டுக்கு முன்

பாகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
ஆ சூன் கடையில் வாங்கியது, நூற்று நாற்பது வெள்ளி.
பிஸ்கட் மாதிரி இருக்கிறது, இதற்குள்ளா
நானூற்று எண்பது ஜிபி என்றேன்.
"கனமா வேணும்னா கல்லு வாங்கு தங்காச்சி"
என்றான், தமிழிலேயே.

பழைய டிஸ்க் மூன்று நாள் டிக் டிக் என்றது.
நான்காம் நாள் அதுவும் இல்லை.
ஜூன் மாதச் செக்ரோல், ஓவர்டைம் கணக்கு,
சித்தி மகள் சடங்கு வீடியோ
எல்லாம் அந்த டிக்கோடு போயிற்று.

இரவு பதினொன்றே கால்.
கழற்றிய திருகாணிகள் மைலோ டின் மூடியில்.
ஜன்னலைச் சாத்தினாலும் நுழைகிற
செம்பனை மில் வாடை.
மடிக்கணினியை மூடி, பொத்தானை அமுக்கி
எஃப் டூவைத் தட்டுகிறேன்.
தட்டிக்கொண்டே இருக்கவேண்டும்,
ஒரு நொடி பிந்தினால் கதவு சாத்திக்கொள்ளும்.
மூன்றாம் தடவை திறந்தது.

சாம்பல் திரை. மவுஸ் நகராது.
அம்புக்குறிதான் இங்கே கால்.
விண்டோஸ் விழிக்குமுன் விழித்துக்கொள்ளும் எவனோ
உள்ளே நின்று பேர் கூப்பிடுகிறான்.
மெமரி? இருக்கிறேன்.
கீபோர்டு? இருக்கிறேன்.
விசிறி? கிர்ர்.
ஹார்ட் டிஸ்க்?

இல்லை என்று எழுதியிருக்கிறது.
வயிற்றில் வைத்துக்கொண்டே
இல்லை என்கிறது.

காலையில் இதே சொல்லை நானும் சொன்னேன்.
ஐந்தே காலுக்குப் பெரட்டு.
டியூப்லைட்டுக்குக் கீழே தர்மலிங்கம் மண்டோர் படிக்க
டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.
கடைசியில் ஒருவன் மிச்சம்.
புது பூட்ஸ். விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை.
பேர் என்ன?
ஷோஹாக்.
அப்பன் பேர்?
ஷோஹாக், என்றான் மறுபடி.
ஒற்றைப் பேரை எங்கள் படிவம் ஏற்காது,
சிவப்புக் கட்டம் காட்டித் திருப்பும்.
லிஸ்ட்டில் இல்லை என்றேன்
லிஸ்ட்டைப் பார்த்தபடி.
இல்லாதவன் லோரியில் ஏறிப்போனான்.
இல்லாத கையால்
நாற்பது குலை தள்ளினான் என்று
மண்டோர் சாயங்காலம் சொன்னார்.
எந்தக் கட்டத்தில் எழுத, அந்த நாற்பதை?

மறுபடி திருகாணி. மறுபடி மூடி.
பெரிய பிழை ஒன்றுமில்லை.
ஒரு ஓரம் முழுசாய் ஏறவில்லை, அவ்வளவுதான்.
கட்டைவிரலால் ஓர் அழுத்து.
எஃப் டூ.
வந்துவிட்டது பேர்,
எழுத்தும் எண்ணுமாய், நீளமாய்,
அப்பன் பேர் இல்லாமல்.

அடுத்தது வரிசை. யாரை முதலில் எழுப்புவது?
செத்த டிஸ்க்கின் பேர்தான் இன்னும் உச்சியில்.
எனக்கு அது புதிதில்லை.
மார்ச்சில் காலமான ஒச்சாயியை
மே வரை கூப்பிட்டோம்.
லீவு, என்பார் யாராவது பின்னாலிருந்து.
ஒரு தட்டு, ஒரு படி. கீழே இறக்கினேன்.
பென்டிரைவை மேலே ஏற்றினேன்.
பேரையே அழிக்கவும் வழியிருக்கிறது,
அழிக்கவில்லை.

மூலையில் கடிகாரம்.
பேட்டரியைக் கழற்றியதில் எல்லாம் மறந்து
2009 ஜனவரி ஒன்று என்கிறது,
கூச்சமே இல்லாமல்.
எங்கள் ஆபீஸ் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி.
எந்தக் கிராணி எந்த வருஷம் வைத்ததோ,
யாரும் திருப்பியதில்லை.
அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சம்பளமும் இல்லை.
என் கைக்கடிகாரமும் அதற்கே பழகியது.
போனைப் பார்த்தேன்: 12:52.
அதையே போட்டேன்.

எஃப் டென்.
சேமிக்கவா?
சேமி.

விண்டோஸ் ஏறுகிறது, பதினொரு சதவீதம்.
ஏறியதும் முதல் வேலை செக்ரோல்.
அப்பன் பேர்க் கட்டத்தில்
ஷோஹாக் என்றே இன்னொரு தடவை அடிக்கலாம்.
அவன் அப்படித்தானே சொன்னான்?
எதற்கும் காலையில் கேட்டுக்கொள்ளவேண்டும்,
இந்தத் தடவை ஆளைப் பார்த்து.

பதினான்கு சதவீதம்.
மைலோ மூடியில் ஒரு திருகாணி மிச்சம்.
எந்த ஓட்டையுடையது என்று தெரியவில்லை.