இரவு எனப்படுவது

இரவு எனப்படுவது
பத்து மணி தொடங்கி ஆறு மணி வரை
என்று காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
குடியிருப்புப் பகுதிக்கு இரவில் நாற்பத்தைந்து,
பகலில் ஐம்பத்தைந்து.
டெசிபல் என்ற சொல்லின் மேல் யாரோ
வெற்றிலைச் சுண்ணாம்பைத் துடைத்திருக்கிறார்கள்.

எனக்கும் பத்து முதல் ஆறுதான், ஐயா.
காலைப் பத்து.
சிப்காட்டிலிருந்து புதுப்பாளையம் வந்து
நாலு இட்லி தின்று
ஜன்னலில் போர்வையைக் கட்டி
ராத்திரியைக் கையால் செய்துகொள்கிறேன்.

மனுவில் இப்படி எழுத வரவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
பக்கத்து வீட்டு லூர்துராஜ் மாடி எடுக்கிறார்.
டைல்ஸ் அறுக்கும் மிஷின் பத்தேகாலுக்குத் தொடங்குகிறது.
பதினோரு மணிக்கு வெங்காய ஆட்டோ,
நாலு கிலோ நூறு, நாலு கிலோ நூறு,
பதிவு செய்த குரலுக்குத் தொண்டை கட்டுவதே இல்லை.
எதிர்ச் சந்தில் காதுகுத்து.
தாய்மாமன்கள் பெயரை மைக்கில் வாசிக்கிறார்கள், ஏழு பேர்.
ஏழாமவரை இனி வழியில் பார்த்தால் கூப்பிட்டுவிடுவேன்.

எஸ்.ஐ. வில்வநாதன் நல்ல மனிதர்.
முழுக்கப் படித்தார்.
பிறகு பேனாவால் சுவரைக் காட்டினார்.
"பகல்ல ராத்திரி வேணுங்கறீங்க.
அதுக்குச் சட்டத்துல இடமில்லீங்களே."
ரைட்டர் சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டேன்;
தூக்கம் கெட்டவனுக்குச் சிரிப்பு
இருமல் மாதிரி, கேட்காமல் வரும்.

லூர்துராஜ் எப்படியோ கேள்விப்பட்டு
கேட் வரைக்கும் வந்தார்.
பேங்க் லோன். கொத்தனார் கூலி.
மகள் பிரசவத்துக்கு வருவதற்குள் மேலே ஒரு ரூம்.
"ஒரு மாசம் பொறுத்துக்குங்க தம்பி."
சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
நான் தூங்கிக்கொண்டிருப்பது போல.

அன்று இரவு
பாய்லர் ஹவுஸ் மேஜைமேல் இன்னொரு மனு கிடந்தது.
கோடு போட்ட நோட்டுத்தாளின் நகல்,
ஓரமெல்லாம் அதிகாரிகளின் சுருக்கொப்பம்.
அனுப்புநர்: அஞ்சலாட்சி, க/பெ பாவாடைராயன்,
கம்பெனிப் பின்வேலி ஓரம்.

உங்கள் ஆவிக் குழாய் ராத்திரி இரண்டரைக்குக் கத்துகிறது.
வீட்டுக்காரர் கடலுக்குப் போக மூன்றரைக்கு எழணும்.
கைக்குழந்தை இப்போதெல்லாம்
கத்தலுக்கு முந்தியே விழித்துக்கொண்டு காத்திருக்கிறது.
பகலில் தூங்கிக்கொள் என்கிறார்கள்.
பகலில் மீனை யார் விற்பது.

இரண்டரைக்கு அந்த வால்வைத் திறப்பவன் நான்.
ஆறு வருஷமாக, காதில் மஞ்சள் பஞ்சு செருகி.
மூடிவிட்டு வந்து பதிவேட்டில் எழுதுவேன்:
வேலி ஓரம், நாற்பத்து நாலு புள்ளி எட்டு.
மீட்டரில் பேட்டரி தீர்ந்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது.
எனக்கு முன்னிருந்தவர் எழுதிய எண்.
அவருக்கு முன்னிருந்தவரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்.
பக்கம் பக்கமாக,
என் கையெழுத்தில் அது எவ்வளவு லட்சணமாக இருக்கிறது.

மறுநாள் டூட்டிக்கு
வீட்டு டிவி ரிமோட்டிலிருந்து
இரண்டு பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போனேன்.
வால்வைத் திறந்துவிட்டு
பஞ்சில்லாமல் வேலி வரை நடந்தேன்.
அந்தப் பக்கம் ஒரு குண்டு பல்பு எரிந்தது.
எழுபத்தொன்பது புள்ளி மூன்று.

நாற்பத்து நாலுகளின் கீழே
அதை எழுதும்போது பேனா கொஞ்சம் திக்கியது.
ஷிப்ட் இன்சார்ஜ் காலையில் பார்ப்பார்.
பார்த்தால் என்ன சொல்வார் என்று
பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பத்தேகால். மிஷின்.
பதினொன்று. நாலு கிலோ நூறு.
எங்கள் வீட்டுக்குள் மட்டும்
டிவி மூச்சுவிடவில்லை.
"ரிமோட்டுல பேட்டரி எங்கங்க?" என்றாள் மனைவி.
அதை நான் மனுவில் சேர்க்கவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
போர்வைக்குள்ளேயே கிடந்தேன்,
தூங்குகிறவன் மாதிரி.