பூச்சியம் உள்ள பக்கம்

கட்டாக்காலி மாடுகளுக்குத் தண்டம் என்ற அறிவித்தலை
கோதம்பைமாப் பசை பூசி
முத்தையன்கட்டுச் சந்திப் பாலைமரத்தில் ஒட்டினேன்.
சைக்கிளை எடுத்துத் திரும்ப முன்பே
ஒரு கட்டாக்காலி அதை நக்கித் தின்றுகொண்டிருந்தது.
'தண்டம்' மட்டும் மரத்தில் மிச்சம்.

பிரதேச சபையில் என் வேலை
அளவு நாடாவின் பூச்சியம் உள்ள பக்கத்தைப் பிடிப்பது.
மற்றப் பக்கம் பரிசோதகர் ஐயா.
அவர் எண்ணைப் பார்ப்பார், நான் நிலத்தை:
எச்சம், உமி, எறும்பு,
யாரோ கழற்றிவிட்ட ஒற்றைச் செருப்பு.

இன்று தவநிதியின் கோழிக்கூடு.
முறைப்பாடு பேரின்பநாதன்.
மணக்குதாம். இரவு இரண்டு மணிக்கே சாவல் கூவுதாம்.
கிணற்றுக்கும் கூட்டுக்கும் ஐம்பது அடி வேணும்.
கிணறு அவருடையது,
கூடு இவளுடையது,
நடுவில் கதியால் வேலி, மிளகாய்க் கன்று நாலு வரிசை.

"நாற்பத்தேழு" என்றார் ஐயா.

தவநிதி பேசவில்லை.
அரை ஏக்கர்தான், ஆனால் ஒடுங்கிய காணி.
பின்னால் மூன்றடி தள்ளினால் வாய்க்கால்.
வாய்க்காலுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவு வேறு.
கையில் அள்ளிய நெல்லைப் போட மறந்து நின்றாள்.
காலடியில் பதினொரு பேடு,
ஒன்றின் காலில் சிவப்புத் துணி.

"திருப்பி ஒருக்கா அளப்பம் ஐயா,
நாடா கொழுவிப்போச்சு."

கொழுவவில்லை.
இந்தமுறை மிளகாய்க்கு மேலால் இழுக்காமல்
கன்றுகளைச் சுற்றி நிலத்தோடு விட்டேன்.
நாடாவுக்கும் ஒரு வயிறு வைத்தது.
ஐம்பது. அரை அங்குலம் கூட.

பேரின்பநாதன் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.
மேசன் வேலை செய்தவர், நாடா தெரியாதவரல்ல.
வாயைத் திறந்தார்.
அந்த நேரம் பார்த்து
அவருடைய வெள்ளைப் பேடு
இவளுடைய கூட்டுக்குள்ளிருந்து
ஊருக்கே கேட்கக் கொக்கரித்தபடி
இறங்கி வந்தது.

எத்தனை நாளாய் அங்கே முட்டையிடுகிறதோ.
தவநிதி வேலியைப் பார்த்தாள்.
அவர் கிணற்றைப் பார்த்தார்.
ஐயா படிவத்தைப் பார்த்தார்.
சாவல் பற்றிய கட்டத்தில்
'கூவும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தேன்.
என் ஆடு இரண்டும்
பள்ளிக்கூட வேலிப் பூவரசில் வாய் வைத்தபடி.
கழுத்தில் கயிறு இருந்தது.
கட்டையைக் காணவில்லை.