ஒரு சாண் தண்ணீர்

ஒரு சாண். அதற்கு மேல் விடுவதில்லை.
கையை விரித்துக் கட்டைவிரலைத் தொட்டியடியில் ஊன்றி,
சுண்டுவிரல் நகம் நனைந்ததும் குழாயை மூடுகிறேன்.
பிறகு முழங்கை. சூடு முழங்கைக்குத்தான் தெரியும்;
ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து
என் உள்ளங்கை பொய்ச்சாட்சி ஆகிவிட்டது.

முதலில் தெக்லே. ஐந்து வயது, தானே ஏறுவாள்.
ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு
யாரும் கேட்காத ஒரு சர்க்கஸ் அறிவிப்பு.
பிறகு சாபா. பதினான்கு மாதம்.
எனாமல் பெயர்ந்த இடத்தைத் தினமும் புதிதாகக் கண்டுபிடித்து
"து" என்கிறான்.
நிலாவும் து, ரொட்டியும் து, நானும் து.

குதாயிசியில் மினிபஸ் ஓட்டுகிறவன் நான்.
பதினெட்டு இருக்கை, இருபத்தாறு ஆள்,
மடியில் கோழி, காலடியில் வெங்காய மூட்டை.
ஒரு கையால் சில்லறை கொடுப்பேன்,
தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவேன்,
ரியோனிப் பாலத்தில் லாரியை முந்துவேன்.
பயந்ததில்லை.

இங்கே, நாலடித் தொட்டிக்குப் பக்கத்தில்,
கவிழ்த்துப் போட்ட ஊறுகாய் வாளிமேல் உட்கார்ந்து
இமைக்கப் பயப்படுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை.
துண்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.
திரும்பினேன், எடுத்தேன், திரும்பினேன்.
அவ்வளவுதான். ஒரு தும்மலுக்கு ஆகும் நேரம்.
சாபா தண்ணீருக்கு அடியில் இருந்தான்.
சத்தமில்லை. கையடிக்கவில்லை.
கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு,
முடி மட்டும் பாசிபோல் அசைய.
தெக்லே முதுகைக் காட்டி உட்கார்ந்து
தயிர் டப்பா மூடியைப் படகு விட்டுக்கொண்டிருந்தாள்,
கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்.
தூக்கினேன். இருமினான். இருமி முடித்து
"து" என்றான்.

அழுதது நான்.

"பெரியவள் கூடத்தானே இருக்கிறாள்,
பார்த்துக்கொள்ள மாட்டாளா?" என்பாள் மேல்வீட்டு நதேலா.
ஐந்து வயது காவலுக்கு ஆகாது, நதேலா.
அவளும் குளிக்க வந்தவள்தான்.

கதூனாவிடம் இன்னும் சொல்லவில்லை.
கதூனா இத்தாலியில், பாரி என்கிற ஊரில்,
ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறாள்.
தொண்ணூற்றொரு வயது. இடுப்புப் பட்டை,
வழுக்காத பாய், சுவரில் இரும்புக் கைப்பிடி.
அந்தச் சம்பளத்தில் வந்ததுதான் இந்த ஹீட்டர்.
கிழவி கண்ணயரும் பத்து நிமிடத்தில்
எங்களைக் கூப்பிடுவாள்.

இன்று கூப்பிட்டபோது சாபாவின் தலை முழுக்க நுரை.

போன் சமையலறையில். எட்டு எட்டு வைத்தால் போதும்.
"அம்மா!" தெக்லே எழுந்துவிட்டாள், வயிறெல்லாம் சோப்பு.
"உட்கார்."
"அம்மாப்பா!"
"தெரியும். உட்கார்."
மேசைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
ஒரு கரண்டியில் முட்டுவதுகூடக் கேட்கிறது.
என் முதுகு முழுக்கக் காதாகிவிட்டது.
கண் இரண்டும் சாபாவின் கழுத்தில்.

நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

"அம்மாவோட சண்டையா?"
"இல்லை. தலையைச் சாய்."
நெற்றியில் கையை வரப்பாகக் கட்டி
டப்பாவால் மொண்டு ஊற்றினேன்.

பிறகு இருவரையும் ஒரே துண்டில் சுருட்டி
இடுப்புக்கு ஒன்றாய்ச் சுமந்து, தரையெல்லாம் சொட்டச் சொட்ட.
கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கிழவி விழித்திருப்பாள்.
ஒரு செய்தி மட்டும் கிடந்தது:
"எங்கே போனாய்?"

எங்கேயும் போகவில்லை என்று தட்டினேன்.
ஈர விரலைத் திரை ஏற்கவில்லை; மூன்று தடவை தட்டினேன்.
செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து எழுதலாமா என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.
தெக்லேவுக்குக் குளிர்ந்தது.

தூங்கவைத்துவிட்டு வந்தால்
தொட்டியில் அந்த ஒரு சாண் ஆறிக் கிடக்கிறது,
நடுவில் மூடி, ஆடாமல்.
அடைப்பானை இழுத்தேன்.
உள்ளே யாரும் இல்லைதான். இருந்தாலும்
வாளிமேல் உட்கார்ந்தேன்,
கடைசிச் சுழி குழிக்குள் போகும்வரை.