மூன்று விநாடி

மொண்டெவிடியோ துறைமுகத்தில்
லாரி எடைமேடை ஏறியதும்
எங்கள் மென்பொருள் மூன்று விநாடி சும்மா இருக்கும்.
ஏன் என்று யாருக்கும் தெரியாது.
எழுதிய வில்மார் வேலையை விட்டு ஆறு வருஷம்.

ஒன்பது மாதம், இருபத்துமூன்று பேர்,
பழைய நிரலைப் பிரித்துப் பிரித்துக் கட்டினோம்.
அந்த மூன்று விநாடியை அழித்தது நான்தான்,
கொஞ்சம் கர்வத்தோடு.

செவ்வாய் விடியலில் நாற்பது லாரி சோயா
பூஜ்யம் கிலோ என்று ரசீது வாங்கிப் போயிற்று.

வில்மாருக்குப் போன் செய்தேன்.
"தராசும் ஆடி அடங்க வேண்டாமா?" என்றான்.
பின்னால் செம்மறிகள் கத்தின.

திருப்பி வைத்தேன்.
பக்கத்தில் காரணமும், அவன் பெயரும்.

இன்று எல்லாமே புதுசு.
"என்னதான் மாறியது?" என்கிறார் முதலாளி எச்செவெரி,
மாத்தே உறிஞ்சியபடி,
அதே திரையைப் பார்த்து.