பின்சுவர்த் துளை

மிலேத்தோஸ் நகரத்து மற்களத்துக்குள்
பெண்கள் நுழையக் கூடாது.
பின்சுவரில் ஒரு துளை உண்டு,
ஜாடி போய் வரும் அளவுக்கு.
அதன் வழியாகத்தான்
பதினோரு வருடமாக எனக்கு ஆண்களைத் தெரியும்.

குத்தகை செத்துப்போன புருஷன் பெயரில்.
பணம் கட்டுகிறவள் அம்மியா, நான்.

பயிற்சி முடிந்ததும் அவர்கள்
வளைந்த வெண்கலத் தகட்டால் மேலெல்லாம் வழித்துக்கொள்வார்கள்:
எண்ணெய், வியர்வை, மணல், செத்த தோல்.
உள்ளே இருப்பவர்களுக்கு அது அழுக்கு.
வைத்தியர்களுக்கு மூட்டு வீக்க மருந்து.
எனக்கு பார்லி மாவும் வீட்டு வாடகையும்.

பார்க்காவிட்டால் என்ன,
காது இருக்கிறதே.
விடிவதற்குள் மண்வெட்டி கேட்கும்.
தாங்கள் விழப்போகும் களத்தை
மல்லர்கள் தாங்களே கொத்திப் பொலபொலவென்று ஆக்குகிறார்கள்.
அப்புறம் தொம்,
தொம்.
அத்திவிதை திணித்த தோல்மூட்டை
உத்தரத்தில் ஆடிப்போய் ஆடித் திரும்பும்.
முஷ்டி பட்டால் வறண்ட சத்தம்,
நெற்றி பட்டால் ஈரச் சத்தம்.
குழலூதினால் தாண்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள்,
இரண்டு கையிலும் எடைக்கல்லோடு.
கால் தரையை விட்ட சத்தத்துக்கும்
குதிகால் மணலில் புதையும் சத்தத்துக்கும் நடுவே
ஒன்றுமே கேட்காது.
அந்த ஒன்றுமில்லாதது நாளுக்கு நாள் நீண்டால்
பையன் தேறிவிட்டான்.

மீதியை ஜாடி சொல்லும்.
செங்கல்பொடி கிடந்தால்
வியர்க்காத எவனையோ வியர்க்க வைத்திருக்கிறார்கள்.
உலர்ந்த அத்தியும் பாலாடைக்கட்டியும் தின்பவனுடையது புளிக்கும்.
மாட்டுக்கறிக்கு மாறியவன்
கசாப்புக்கடைத் தெருவையே அனுப்பிவைப்பான்.
நாலு நாள் கணக்கு அவர்களுக்கு:
முதல்நாள் எண்ணெய் தண்ணீராக ஓடும்,
மறுநாள் கறுத்துக் களியாக வரும்,
மூன்றாம் நாள் ஓய்வு.
ஜாடி காலி, என் வயிறும்.
நாலாம் நாளை நான் எண்ணுவதில்லை,
அதற்குள் கடன்காரன் வந்துவிடுவான்.

வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒரே ஒருவனை.
"அர்த்தெமோனுடையது இருக்கிறதா?"
இருக்கிறது.
எல்லா ஜாடியிலும் அர்த்தெமோன்தான்.
ஓட்டக்காரப் பொடியன்கள், பிலிஸ்கோஸ்,
பயிற்றுநரின் தொப்பை வியர்வை,
சகலமும் அர்த்தெமோன்.
அவன் கப்பலேறி கொரிந்துக்குப் போன மாதத்தில்
இன்னும் நன்றாக விற்றான்.

திராட்சை மிதிக்கும் பருவத்தில் ஒரு சாயங்காலம்
இடக்கையை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு
ஒருவன் வந்தான்.
"தோளுக்கு" என்றான்.
"அர்த்தெமோனுடையது" என்றேன், வாய்ப்பழக்கம்.
"இரண்டு ஒபோல் கூடுதல்."

விரலைத் தோய்த்தான். தேய்த்துப் பார்த்தான்.
முகர்ந்தான்.
"இது பிலிஸ்கோஸ்.
பூண்டு தின்றிருக்கிறான்."

அப்போதுதான் காதுகளைப் பார்த்தேன்,
நசுங்கிய முந்திரிப்பழம் போல இரண்டும்.
இவ்வளவு சின்ன ஆளா.
மண்வெட்டிச் சத்தத்தை வைத்து
நான் கட்டிவைத்திருந்த உடம்புக்குள்
இவன் இரண்டு பேர் படுத்துறங்கலாம்.

"இதை முறித்தவன் அவன்தான்" என்றான்.
"கொடு. அவனே சரி செய்யட்டும்."

விலையை நான் குறைக்கவில்லை.
அவன் பேரம் பேசவும் இல்லை.
முதுகுப்பக்கம் ஒற்றைக் கைக்கு எட்டவில்லை.
நான் தேய்த்தேன்.
எலும்பு தன் பள்ளத்திலிருந்து
ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது.
அது தெரியாத தசைகள்
பழக்கத்தில் என் உள்ளங்கையோடு மல்லுக்கு நின்றன.
அவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு
நாலாம் நாளா மூன்றாம் நாளா என்று
ஏதோ முணுமுணுத்தான்.

விடிவதற்குள் மண்வெட்டி கேட்டது.
ஒரு வெட்டு.
வெகுநேரம் கழித்து
இன்னொன்று.
ஒற்றைக் கை.

துளைக்குள்
காலி ஜாடியைத் தள்ளினேன்.