இரண்டு நிமிடம்

புதுவயல் ஆலைக்களத்தில்
நெல்லை ஓரமாய்க் குவித்துவிட்டு
மேட் விரித்திருந்தார்கள்.
புழுங்கல் வாடை போகவில்லை.
விளக்கைச் சுற்றிய அந்துப்பூச்சிகள்
நடுக்கோட்டில் விழுந்து செத்துக்கொண்டிருந்தன.

போனஸ் புள்ளிக்கு
முன்கால் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும்,
பின்கால் காற்றில் நிற்க வேண்டும்.
ஊன்றினேன் என்றான் அடைக்கலராஜ்.
இல்லை என்றேன்.
வச்சேன் மேடம், சத்தியமா வச்சேன்.
இல்லை என்றேன்.
பாட்டிலை ஓங்கி அடித்தான்.
மூடி நெற்குவியலுக்குப் போனது,
தண்ணீர் மேட்டில்.

மஞ்சள் அட்டையைத் தூக்கினேன்.
இரண்டு நிமிடம் வெளியே.

வீரர்கள் கண்ணியம் காக்குமாறு
கேட்டுக்கொண்டது ஒலிபெருக்கி.
சற்று முன்புதான் அதே குரல்
தூக்கிப் போட்டு மிதிடா என்று
ஊரையே எழுப்பியிருந்தது.

ஆலைக் கணக்குப்பிள்ளை எழுந்து வந்தார்.
சம்பளம் வாங்குறவன் மாதிரியா நடந்துக்கிறான்
என்று என்னிடம் கேட்டார்.
சம்பளமாவது,
ஆலையின் பெயர் போட்ட ஜெர்சி ஒன்று,
தேவகோட்டையிலிருந்து போக வர பஸ் காசு,
ஜெயித்தால் பிரியாணி.

காலையில் அவன் நீட்டிய படிவத்தில்
வயது பத்தொன்பது.
பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில்
அம்மா பெயரை அவனே போட்டிருந்தான்.
ராக்காயியின் கால் மட்டும்
அவன் எழுத்து மாதிரியே வளைந்திருந்தது.
பார்த்தும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு நிமிடம் பத்து விநாடி.
அடுத்த ரெய்டு எதிரணிக்கு.
துடைக்கிற பையனைக் காணோம்,
டீ வாங்கப் போயிருப்பான்.
தடையில் இருப்பவன்
மேட்டில் கால் வைக்கக் கூடாது.
அடைக்கலராஜ் ஓரத்தில் குந்தினான்.
தோளில் கிடந்த துண்டை எடுத்து
எட்டி எட்டித் துடைத்தான்,
என்னைத் திட்டிக்கொண்டே.
எல்லாம் காதில் விழுந்தது.
அதற்கும் ஒரு அட்டை உண்டு,
சிவப்பு.
பையில்தான் இருந்தது.

எதிரணி ரெய்டர் அந்த இடத்தில்தான்
திரும்பினான். வழுக்கவில்லை.
அவன் கவனிக்கவுமில்லை.

முப்பத்தொன்று, முப்பது.
ஒரு புள்ளியில் போயிற்று.
எந்தப் புள்ளி என்று
அவனுக்குத் தெரியும்.
எனக்கு அதுகூடத் தெரியாது.
அவன் கால் இறங்கிய நேரம்
என் இமையில் ஒரு அந்து மோதியது.
கண் திறந்தபோது
கால் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
தெரியவில்லை என்று சொல்ல
நடுவருக்குச் சைகை கிடையாது,
இல்லை என்பதற்குத்தான் இருக்கிறது.

வரிசையில் வந்தான்.
ஈரத்துண்டு தோளில்,
முகம் வேறெங்கோ,
கை மட்டும் என்னிடம்.
பத்தொன்பது வயதுக்கு
அதுவே நெடுந்தூரம்.

எனக்கு முப்பத்தாறு.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
விளக்கை அணைத்து
மேட்டைச் சுருட்டுகிற வரைக்கும்
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே
நின்றுகொண்டிருந்தேன்.